சதுரடிக் கணக்கு

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை எடுத்துச் செய்கிறவர்களிடம் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், பேச்சு ஆட்களில் வந்து நிற்கும். பெயிண்ட் விலை ஏறியது, வீட்டுக்காரர் பாக்கி வைத்தது, மழை வந்து வேலையைக் கெடுத்தது எல்லாம் அதற்குப் பிறகுதான். நாள்கூலிக்குச் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்வதா, சதுரடிக்கு இவ்வளவு என்று பேசி ஒரு மேஸ்திரியிடம் வேலையை விட்டுவிடுவதா? எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் முன்னதை ‘நம்ம ஆளுங்க’ என்பார்கள், பின்னதை ‘லேபர் காண்ட்ராக்ட்’ என்பார்கள். இரண்டில் எது நம்பிக்கையானது என்று ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். யாருக்கு நம்பிக்கையானது என்ற கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை.

என் பெரியம்மா மகள் ராசிபுரத்தில் இந்தத் தொழிலைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்துகிறார். மாமா தொடங்கிய தொழில். பக்கவாதம் வந்து அவர் படுத்தபோது கைவசம் பாதி முடிந்த மூன்று வீடுகளும் பெயிண்ட் கடையில் ஒன்றரை லட்ச ரூபாய் பாக்கியும் இருந்தன. பத்தாம் வகுப்பு வரை படித்த அக்கா, மாமாவின் டிவிஎஸ் எக்செல்லை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போகத் தொடங்கினார். இன்று சேலம் ஐந்து ரோட்டிலிருந்து மோகனூர் வரை அவருக்கு வேலை இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிறுகளில் அவருடைய கணக்கு நோட்டுகளைக் கூட்டிக் கொடுப்பது என் பொறுப்பு.

முதல் நான்கு ஆண்டு நோட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் இருக்கின்றன. இடது ஓரத்தில் பெயர், அதற்கு நேரே ஏழு கட்டங்கள், முழுநாளுக்கு ஒரு கோடு, அரைநாளுக்குப் பாதிக் கோடு, சனிக்கிழமை கொடுத்த கூலி, பிடித்துக்கொண்ட முன்பணம். ஆண்கள் ஏழெட்டுப் பேர், பெண்கள் மூன்று நான்கு பேர். ஐந்தாம் ஆண்டிலிருந்து பெயர்கள் குறைகின்றன. அவை இருந்த இடத்தில் ‘டீம் 1, உள்பக்கம், 1800 ச.அ.’, ‘டீம் 2, வெளிப்பக்கம்’ என்ற வரிகள் வருகின்றன. நோட்டு சுத்தமாகிவிடுகிறது. கூட்டுவதும் எளிது.

ஏன் மாறினீர்கள் என்று கேட்டேன். “நம்ம ஆளுன்னா, குடிச்சுப்போட்டு வராதவனை நாந்தான் போயி எழுப்போணும். அவன் வூட்டுல சண்டைன்னா அதுக்கும் நாந்தான் பஞ்சாயத்து. டீமுன்னா மேஸ்திரி பாத்துக்குவான். எனக்கு ஒரு ஆளுகிட்டப் பேசுனாப் போதும் பாப்பா” என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். மாமாவிடம் ஒன்பது வருடம் வேலை செய்த ஒருவரிடம், ஹாலில் ஒரு சுவரை மறுபடி தேய்த்து அடிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் பிரஷைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு, “அண்ணன் வந்து சொல்லட்டுமுங்க” என்று போய்விட்டாராம். அண்ணன் கட்டிலை விட்டு எழ முடியாதவர் என்பது அவருக்கும் தெரியும்.

அக்காவுக்குக் காண்ட்ராக்ட் ஒரு கவசமாகத்தான் வந்தது. தினமும் எட்டு ஆண்களுக்கு வேலை சொல்ல வேண்டியிருந்த பெண், அதற்குப் பிறகு ஒரே ஒருவரிடம் ரேட் பேசினால் போதும் என்று ஆனது. சுவர் அளவும் சதுரடி விலையும் பேசப்படும்போது சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பது கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. தொழில் நடத்தும் பெண்கள் பலர் இதே காரணத்துக்காக ஆண் இடைத்தரகரை நடுவில் நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்தக் கவசத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இங்கே பேச வேண்டும்.

ஊரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். மார்கழி பிறந்தால் பொங்கலுக்குள் முடித்துத் தரச் சொல்லி எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் அழைப்பு வரும். தை, வைகாசி, ஆவணியில் கல்யாண வீடுகள். ஆடியில் வேலை படுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவரைத் தொட முடியாது. சீசனில் ஆள் தேடினால் ஆண்களுக்கு வேறு வழிகள் இருக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வெளிமாநிலம் போனவர் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகள் பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவரை உடனே இழுத்துக்கொள்ளும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் பழக்கம் பல காலமாக உண்டு. வாங்கிய கடனுக்காக அதே தறியில் வருடக்கணக்கில் நிற்கிறவரையும் ‘நம்பிக்கையான ஆள்’ என்றுதான் சொல்வார்கள். வருடம் முழுக்க எட்டுப் பேருக்கு நாள்கூலி கொடுக்கும் தெம்பு சிறிய முதலாளிக்கு இல்லை என்பதும் உண்மை.

வீட்டுக்காரர்களின் ‘நம்பிக்கை’ வேறு மாதிரி. “ஆளுங்க எந்த ஊரு? எந்தத் தெரு?” என்று கேட்பார்கள். பெயிண்ட் வேலைக்கு வருகிறவர் சமையலறைக்குள் போக வேண்டும், சாமி அறையைக் காலி செய்து தேய்க்க வேண்டும். அதனால் அந்தக் கேள்வியின் பொருள் கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சொந்த ஆட்கள் இருந்தபோது அக்கா அதற்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. “என்ற ஆளுங்க, இவிங்கதான் வருவாங்க, வேண்டாமுன்னா வேற ஆளைப் பாத்துக்கங்க” என்று இரண்டு வீட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார். காண்ட்ராக்டில் அந்தக் கேள்வி மேஸ்திரியிடம் போய்விடும். வீட்டைப் பார்த்து அவரே ஆளை மாற்றிக் கூட்டி வருவார். யார் விடுபட்டார்கள் என்பது அக்காவின் காதுக்கு வராது. மாலையில் வேலை முடிந்து கிளம்பும்போது கூடையைத் திறந்து காட்டச் சொல்வதும் பெண்களிடம்தான்.

தமிழில் ‘ஆள்’ வினையாக நின்றால் ஆட்சி செய்வது, பெயராக நின்றால் கூலிக்கு வருகிறவர். சித்தாள் என்பது சிற்றாள், சின்ன ஆள். கொத்து வேலையிலிருந்து பெயிண்ட் வேலைக்கும் வந்துவிட்ட சொல். ஐம்பது வயதுப் பெண்ணும் சித்தாள்தான். அவருடன் வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன் இரண்டு வருடத்தில் பெயிண்டர் ஆகிவிடுவான்.

அந்தச் சின்ன ஆள் என்ன வேலை செய்கிறார்? பழைய பூச்சைச் சுரண்டுகிறார். விரிசலில் பட்டி வைத்த பிறகு, காய்ந்ததும் உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறார். தூசியைத் துடைக்கிறார். தரையில் சாக்கு விரிக்கிறார், வாளி தூக்குகிறார், பெயிண்ட் கலக்குகிறார், கடைசியில் தரையில் சிந்திய சொட்டுகளைச் சுரண்டிக் கழுவுகிறார். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்புக் கூடியது. அந்தத் தண்ணீரில் கட்டிப் பூசிய சுவரில் உப்புப் பூக்கும். பூத்த உப்பை முழுக்கத் தட்டி, தேய்த்து, துடைத்து எடுக்காமல் அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் அடுத்த கோடையில் அது பொரிந்து உதிரும். ஒரு சுவர் ஐந்து வருடம் நிற்பதும் ஒரே வருடத்தில் உரிவதும் பெரும்பாலும் அந்தத் தேய்ப்பில் இருக்கிறது. ரோலர் பிடித்தவரின் வேலை கண்ணுக்குத் தெரியும். தேய்த்தவரின் வேலை பெயிண்டுக்கு அடியில் போய்விடும்.

இப்போது சதுரடிக் கணக்கைப் பாருங்கள். 2,000 சதுரடிச் சுவர், சதுரடிக்கு 15 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரிக்கு வருவது 30,000 ரூபாய். அவரையும் சேர்த்து மூன்று ஆண்களுக்கு நாளுக்கு 900, இரண்டு பெண்களுக்கு 450 என்றால் ஒரு நாள் செலவு 3,600. எட்டு நாளில் முடித்தால் கூலிக்கு மேல் அவர் கையில் நிற்பது 1,200 ரூபாய். ஏழு நாளில் முடித்தால் 4,800. ஒரு நாளைக் குறைத்தால் லாபம் நான்கு மடங்கு. அந்த ஒரு நாளை எந்த வேலையிலிருந்து எடுப்பார்? இரண்டு கோட் பேசிவிட்டு ஒரு கோட் அடித்தால் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். தேய்ப்பைக் குறைத்தால் இந்த வருடம் யாருக்கும் தெரியாது. தேய்க்கிற பெண்ணை விரட்டுவது அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும், ஆனால் காய நேரம் ஆகும். அதனால் உலரத் தேய்க்கிறார்கள்.

அந்தத் தூசியில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்தது, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் எனாமல் அடித்த கதவுகளும் ஜன்னல் கம்பிகளும் எங்கள் ஊர் வீடுகளில் ஏராளம். அவற்றில் பல அடுக்காக இருக்கும் பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். அதைச் சுரண்டுகிறவரின் மூச்சுக்குள் அது போகிறது. உடலுக்குள் போன ஈயம் எலும்பில் தங்கும். கர்ப்பமான பெண்ணிடமிருந்து வயிற்றில் உள்ள குழந்தைக்கும் போகும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதில் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு தேய்க்கிறார்கள் எங்கள் பெண்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. வேலையைப் பிரித்துவிட்டால் அந்தச் சட்டத்துக்கு அங்கே பிடி கிடைக்காது. பெண்ணுக்கு உப்புத்தாள், ஆணுக்கு ரோலர், வேலையே வேறு என்று சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-இல் சட்டம் வந்தது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-இல் அமைந்தது. கட்டடத் தொழிலாளர்கள் ஊர் ஊராகச் சங்கம் கட்டிப் போராடி வாங்கியவை இவை. ஆர். கீதா போன்ற பெண்கள் அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்றார்கள். பெயிண்டரும் இந்த வாரியத்தில் பதியலாம், சித்தாளும் பதியலாம். மகப்பேறு உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. பதிவதற்கு வயது 18-லிருந்து 60-க்குள் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு என்று எழுதப்பட்டது. சொந்தக் குடியிருப்புக்காக ஒருவர் 10 லட்ச ரூபாய்க்குள் செய்துகொள்ளும் வேலையை அது விட்டுவிட்டது. பழைய வீட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கும் வேலை ஏறக்குறைய எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். பன்னிரண்டு பேர் வைத்திருந்த ஒருவர் அவர்களை நான்கு நான்கு பேராக மூன்று டீம் ஆக்கிவிட்டால் காகிதத்தில் பத்துப் பேர் எங்கேயும் இருக்கமாட்டார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான், வேலையும் அதே வேலைதான்.

இவையெல்லாம் எனக்குப் படித்துத் தெரிந்த விஷயங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் பிளாஸ்டிக் கவரில் ஆதார் ஜெராக்சோடு வந்தார். வயது ஐம்பத்தெட்டு. சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டிருந்தார். “எட்டு வருசமா உங்ககிட்டத்தானுங்க அம்மணி வேலை செய்யறேன். அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நலவாரியத்துல பதியறதுக்குச் சங்கத்துல கேக்கறாங்க” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் பழைய நோட்டுகளை எடுத்தேன்.

முதல் நான்கு வருடத்தில் அவர் இருந்தார். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு நாள். பேத்தி பிறந்த வாரம் மூன்று நாள். பொங்கலுக்கு வாங்கிய முன்பணம் 2,000, அதைக் கழித்த கணக்கு. அடுத்த நான்கு வருடத்தில் அவர் பெயர் ஒரு வரியிலும் இல்லை. அவர் எங்கும் போய்விடவில்லை. அதே சைட்டுகளுக்குத்தான் தினமும் வந்திருக்கிறார். டீம் 1-இன் மேஸ்திரி அவருடைய இறந்துபோன கணவரின் தம்பி. அக்கா அவரை ஃபோனில் கூப்பிட்டு, “உங்க அண்ணிக்கு என்ன கூலிங்க குடுக்கறீங்க?” என்று கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது: “அண்ணிங்க, எங்க வூட்டு ஆளு. அவங்களுக்கு எதுக்குங்க கணக்கு?”

அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. “சோறு போடறாங்க, இல்லீங்காம” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கையில காசுன்னு வாங்கி நாலு வருசம் ஆச்சுங்க” என்றார்.

காண்ட்ராக்டில் இதற்கு முழு இடம் உண்டு. மனைவி, அண்ணி, கொழுந்தியா, தங்கை என்று உறவாக வருகிற பெண்ணின் கூலி மேஸ்திரியின் சதுரடிக்குள் கரைந்துவிடும். வெளியாள் என்றால் சனிக்கிழமை கேட்பாள். வீட்டு ஆள் கேட்கமாட்டாள். மேஸ்திரி மலிவான ரேட் பேச முடிவதற்கும், சொன்ன நாளில் வேலையை முடிப்பதற்கும், லீவு போடாமல் வரும் ஆள் அவரிடம் எப்போதும் இருப்பதற்கும் அடியில் இந்தப் பெண்கள் இருக்கிறார்கள். அக்கா டீமிடமிருந்து வாங்கிய நம்பிக்கை இவர்களுடையது. அதற்கான பணம்தான் இவர்களிடம் போய்ச் சேரவில்லை.

அக்கா அன்றைக்கே தாள் எடுத்து எழுதினார், எட்டு வருடத்துக்கும். “நோட்டுல இல்லாட்டிப் போவுது. நான் கண்ணுல பாத்தேனல்லொ” என்றார். சில மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு அட்டை வந்தது.

அதற்குப் பிறகு அக்கா காண்ட்ராக்டை மொத்தமாக விட்டுவிடவில்லை. விட முடியாது என்றார், நானும் வற்புறுத்தவில்லை. நான்கு பேரைச் சொந்த ஆட்களாக வைத்திருக்கிறார், அதில் இரண்டு பேர் பெண்கள். மாதம் இருபது நாள் வேலைக்கு அவர் பொறுப்பு. ஆடியிலும் மழையிலும் ஜன்னல் கம்பி, கதவு, கேட் வேலைகளைப் பிடித்து அவர்களுக்குக் கொடுக்கிறார். எனாமலைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், அதற்கு ஆகும் நாளைச் சேர்த்துத்தான் ரேட் பேசுவார். சாரம் கட்டி அடிக்கும் வெளிச்சுவர் வேலையை மட்டும் டீமுக்கு விடுகிறார். அதற்கு இரண்டு நிபந்தனைகள். வேலை தொடங்கும் முன் வருகிற ஒவ்வொருவர் பெயரும் நாள்கூலியும் நோட்டில் ஏற வேண்டும். சனிக்கிழமை பணம் அவரவர் கையில்தான் கொடுக்கப்படும். ஒரு மேஸ்திரி அன்றோடு நின்றுவிட்டார். “எங்க ஆளுங்களை எங்களுக்கு எதிராத் திருப்பி உடறீங்க” என்றார். அண்ணியின் கொழுந்தனார் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார், போகவில்லை.

சொந்த ஆட்களில் ஒரு பெண் இப்போது ரோலர் பிடிக்கிறார். 1972-இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு, அகமதாபாத்தில் கட்டடத் தொழிலாளப் பெண்களுக்கு ‘கர்மிகா’ என்ற பள்ளியையே நடத்தியது. தலைச்சுமை தூக்கியவர்களுக்குக் கொத்து வேலையும் பெயிண்ட் வேலையும் சொல்லிக் கொடுத்த பள்ளி அது. எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. அக்காவே ஒரு காலி அறையின் சுவரைக் கொடுத்து, தண்ணீர் கலந்த பிரைமரில் பழக்கினார். அந்தப் பெண் ரோலரைப் பிடித்த நாளிலிருந்து அவர் கூலி ஆண் பெயிண்டரின் கூலிதான். பெயிண்ட் வாளிக்குள் கம்பெனி போட்டு வைக்கும் டோக்கன் முன்பெல்லாம் மேஸ்திரியின் சட்டைப் பைக்குப் போகும். வாளியைத் திறந்து கலக்குகிறவர் பெண்தான் என்றாலும் எடுக்கிறவர் அவர்தான். இப்போது அது நான்கு பங்கு.

புதிய வீட்டுக்காரரிடம் ரேட் சொல்வதற்கு முன் அக்கா ஒன்று கேட்கிறார்: “எங்க பொம்பளையாளுங்களுக்குப் பாத்ரூம் உண்டுங்களா?” காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் தேய்த்த பெண்களின் கதைகள் அவருக்குத் தெரியும். இந்தக் கேள்வியால் வேலை தவறிப்போனதும் உண்டு. ரேட் கொஞ்சம் அதிகமாகிவிட்டதால் தவறியவையும் உண்டு. பாக்கி வைக்கிற வீட்டுக்காரர்கள் குறைந்திருக்கிறார்கள் என்று சொல்ல ஆசைதான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்ப உதவும்போது ஒரு மாணவியிடம் பெற்றோர் தொழிலைக் கேட்டேன். “அப்பா பெயிண்டர் மேம். அம்மா ஹவுஸ் வொய்ஃப்” என்றாள். வீட்டில்தான் இருக்கிறார்களா என்றேன். “இல்ல மேம், அப்பா கூடப் போவாங்க.” தினமுமா என்றேன். “தினமும்தான் மேம்.” கூடப் போகிறவர் என்று ஒரு தொழில் விண்ணப்பத்தில் இல்லை. அவள் அம்மாவுக்கு நலவாரிய அட்டையும் இல்லை. அட்டை இருக்கும் தொழிலாளியின் பிள்ளைக்குப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்று சொல்லி, அம்மாவைப் பதியச் சொன்னேன். ‘தாயின் தொழில்’ என்ற கட்டத்தில் அவள் அடித்துவிட்டு ‘பெயிண்டிங் தொழிலாளி’ என்று எழுதினாள். எழுதிவிட்டு, அம்மா இதைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்றாள்.

அக்காவின் நோட்டு மறுபடி அழுக்காகிவிட்டது. பெயர்கள், கோடுகள், அடித்துத் திருத்திய கூலிகள். கூட்டி முடிக்க அரை நாள் ஆகிறது. சனிக்கிழமை மாலை பெண்கள் வரிசையில் நின்று பணம் வாங்கிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் தெருமுனை திரும்பியதும் அந்தப் பணத்தை மேஸ்திரியிடம் கொடுத்துவிடுவதை அக்கா வண்டியில் போகும்போது பார்த்திருக்கிறார். ஒரு நாள் நிறுத்திக் கேட்டிருக்கிறார். “வூட்டுக் காசுதானுங்களே அம்மணி” என்றார்களாம். அடுத்த சனிக்கிழமையும் அவர் அவரவர் கையில்தான் எண்ணிக் கொடுத்தார்.